அம்மாவின் மாத்திரையும் மில்லிகிராமுக்கு 71 ரூபாயும்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

2020 பிப்ரவரியில் எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. மருந்து விலையை அரசு கட்டுப்படுத்தலாமா, கூடாதா என்பதுதான் தலைப்பு. கூடாது என்ற கட்சிக்கு நான்தான் வக்கீல். என் கையில் இருந்த ஆயுதம், ஜனவரி 31ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2019-20 பொருளாதார ஆய்வறிக்கை. அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன் தலைமையில் எழுதப்பட்டது. அதன் முதல் தொகுதியின் நான்காவது அத்தியாயம், அரசு சந்தைக்குள் கை வைத்தால் உதவியைவிடக் கெடுதலே அதிகம் என்று வாதிடுகிறது. வெங்காயம், பருப்பு, கடன் தள்ளுபடி என்று பல உதாரணங்கள். நடுவில் மருந்து விலை.

அதில் வரும் எண்ணைத்தான் நான் குழுவில் தூக்கிப் போட்டேன். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்த மருந்துகளின் விலை, மில்லிகிராமுக்குச் சராசரியாக 71 ரூபாய் ஏறியதாம். ஆணைக்குள் வராத மருந்துகள் ஏறியது 13 ரூபாய்தானாம். "பாருங்கடா, கட்டுப்படுத்தினதுதான் அதிகமா ஏறியிருக்கு" என்று எழுதினேன். எதிர்க்கட்சி அடங்கிப் போனது.

இந்தப் பதிவு அந்த அத்தியாயத்தைப் பற்றிய விமர்சனம். கூடவே அந்த வாட்ஸ்அப் வக்கீலைப் பற்றியதும்தான்.

மாத்திரை அட்டையை எண்ணிய நாள்

எனக்கு ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். அப்பா போனபிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். 2021ல் வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் சில மாதம் இருந்தேன்.

அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. காலில் ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை. "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?" என்று கேட்டால் "போடாம என்ன" என்பாள். ஒருநாள் எதையோ தேடப் போய் அவள் மருந்து டப்பாவைத் திறந்தேன். இருக்க வேண்டியதைவிட இரண்டு அட்டை அதிகமாக இருந்தது. கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாளாம். "ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசத்துக்கு வரும்லா. நீயே எவ்வளவுதான் அனுப்புவ?"

நான் அனுப்பிய பணம் போதவில்லை என்பதல்ல விஷயம். அவள் கணக்கில், மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஒரு டப்பா மாத்திரைக்குக் கொடுப்பது நியாயமே இல்லை. கடற்கரையில் சாளையைப் பேரம் பேசி வாங்கியே வாழ்ந்தவள். மருந்துக்குப் பேரம் பேச முடியாததால் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குப் பெயர் தேவை குறைதல். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆறாத புண்.

அன்றைக்கு ராத்திரி அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

முதல் தவறு: அலகு

பி.இ. முதல் வருஷத்தில் பௌதிக வாத்தியார் சொல்லிக் கொடுத்தது: விடை வந்ததும் அலகைப் போட்டுப் பார். மில்லிகிராமுக்கு 71 ரூபாய். சரி, போட்டுப் பார்ப்போம்.

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கான சாதாரண மாத்திரை, 500 மில்லிகிராம். 500 பெருக்கல் 71 என்றால் 35,500 ரூபாய். ஒரு மாத்திரைக்கு! அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்றால் ஒரு மாத்திரை 355 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் சில ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரைகள்.

அப்போ அந்த எண் பொய்யா? பொய் என்று நான் சொல்லவில்லை. சராசரி என்பது இப்படி வேலை செய்யக்கூடியது. மெட்ஃபார்மின் மாத்திரை ஒரு ரூபாய் ஏறினால், மில்லிகிராம் கணக்கில் அது 0.002 ரூபாய். ஒரு மில்லிகிராம் மட்டுமே மருந்து உள்ள ஒரு விலையுயர்ந்த ஊசி 500 ரூபாய் ஏறினால், அது மில்லிகிராமுக்கு 500 ரூபாய். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஊசி மட்டும்தான் தெரியும். மாத்திரை காணாமல் போய்விடும்.

எங்கள் தொழிலில் இது தினமும் பார்க்கிற விஷயம். ஆயிரம் கோரிக்கைகளுக்கு சர்வர் அரை நொடியில் பதில் சொல்லி, ஒன்று மட்டும் பத்து நிமிஷம் இழுத்தால், சராசரியைப் பார்த்து "சிஸ்டமே மெதுவா இருக்கு" என்று மேனேஜர் குதிப்பார். அதனால்தான் நாங்கள் சராசரியை நம்புவதில்லை. நடுவில் இருப்பது என்ன, கடைசி ஐந்து சதவீதம் என்ன என்று தனித்தனியாகப் பார்ப்போம். வேலையில் தினமும் செய்கிற இந்தச் சின்னச் சோதனையை, எனக்குப் பிடித்த முடிவைச் சொன்ன அறிக்கை என்பதால் நான் செய்யவே இல்லை.

அந்த அத்தியாயமே இன்னொன்றையும் சொல்கிறது. விலை அதிகம் ஏறியது மலிவான மருந்துகளில் அல்ல, விலையுயர்ந்தவற்றில். சில்லறைக் கடையில் அல்ல, மருத்துவமனை வழியாக விற்பவற்றில். இந்த வரியை அன்றைக்கு நான் தாண்டிப் போய்விட்டேன். நோயாளிக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எங்கே மிகக் குறைவோ, அங்கேதான் விலை ஏறியிருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் "இந்த ஊசி வேண்டாம், பக்கத்துக் கடையில் விசாரிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போக முடியாது.

இரண்டாவது தவறு: எதைக் கட்டுப்பாடு என்கிறோம்?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியாவில் மருந்து விலைக் கட்டுப்பாடு புதிதல்ல. 1962 சீனப் போரை ஒட்டி, 1963ல் மருந்து விலைகள் முதலில் முடக்கப்பட்டன. 1970ல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் முறையான ஆணை வந்தது. 1979ல் 347 மருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன, 1987ல் 142, 1995ல் 74. அந்தக் காலத்து முறை செலவை வைத்து விலை: உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் இவ்வளவு சதவீதம்தான் வைக்கலாம் என்று வரம்பு போடுவது.

2013 மே மாதம் வந்த ஆணை இந்த முறையை மாற்றிவிட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்த 348 மருந்துகளும் உள்ளே வந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உச்சவிலையை எப்படி நிர்ணயிப்பது? சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள எல்லா பிராண்டுகளின் விலையையும் எடுத்துச் சாதாரணச் சராசரி போடு. சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர். அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாத்திரைக்கு மூன்று பிராண்டுகள். கடைக்காரருக்கு வருகிற விலை 2 ரூபாய், 9 ரூபாய், 10 ரூபாய். சராசரி 7. பதினாறு சதவீதம் சேர்த்தால் 8 ரூபாய் 12 காசு. இதுதான் உச்சவிலை. 2 ரூபாய்க்கு ஒருவர் லாபத்தோடு விற்கிறார் என்றால், உற்பத்திச் செலவு 2 ரூபாய்க்குள்தான் இருக்கும். அரசு போட்ட முத்திரையோ 8 ரூபாய்க்கு மேல். பத்து ரூபாய்க்காரர் கொஞ்சம் இறங்க வேண்டும். இரண்டு ரூபாய்க்காரர் உடனே எட்டுக்கு ஏற முடியாது. அதையும் ஆணை தடுக்கிறது, மொத்த விலைக் குறியீட்டெண் அளவுக்கே ஏற்றலாம். ஆனால் புதிதாக வருகிறவர் 8 ரூபாய்க்குப் பக்கத்தில் கடை போட எந்தத் தடையும் இல்லை. அதோடு இது எடையிட்ட சராசரியும் கிடையாது. 60 சதவீதம் விற்கிற மலிவு மாத்திரைக்கும், 1 சதவீதம் விற்கிற விலையுயர்ந்த மாத்திரைக்கும் ஒரே ஓட்டு.

பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கு முதல் நாள் விலையைப் பொதுவாக நிறுவனமே வைக்கும்; ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் முக்கிய விதி. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரை. தனித்தனியாக இரண்டும் பட்டியலில் உண்டு. சேர்த்து ஒரே மாத்திரையாக்கினால் பட்டியலில் இல்லை.

ஆக, ஆய்வறிக்கை எதைச் சோதித்தது? சந்தை விலையை வாங்கி, அதையே சராசரியாக்கித் திருப்பிக் கொடுத்த ஒரு சூத்திரத்தை. அதில் விலை ஏறியிருந்தால், தோற்றது அந்தச் சூத்திரம். அதை வைத்து "கட்டுப்பாடே தோற்றது" என்று முடிவு கட்டுவது, ஓட்டை வலையைப் போட்டுவிட்டுக் கடலில் மீனே இல்லை என்பது மாதிரி.

உண்மையிலேயே அழுத்திப் பிடித்த ஓர் உதாரணம் இருக்கிறது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், வரி தனி, என்று உச்சவிலை போட்டது. ஏனென்றால் அதற்கு முன் ஆணையமே வெளியிட்ட தரவுகளில், பெரிய லாபம் மருத்துவமனைகளின் கையில் நிற்பது தெரிந்தது. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் புது ரகங்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன, வாஸ்தவம்தான். ஆனால் நாட்டில் ஸ்டென்ட் வைப்பது நின்றுவிடவில்லை.

எங்கள் கடற்கரை ஏலமும் மெடிக்கல் கடையும்

சுதந்திரச் சந்தை என்றால் எனக்கு எப்போதும் மனசில் வருவது எங்கள் ஊர்க் கடற்கரை. படகு வந்து சேரும். மீனை மணலில் கொட்டுவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம். ஏலம் கேட்கிறவர்தான் பணமும் கொடுப்பார், மீனையும் எடுத்துப் போவார். விலை பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தெரிந்த சந்தை இதுதான். சீலா விலை அதிகமென்றால் சாளை வாங்குவாள்.

(இதிலும் பூரண சுதந்திரம் இல்லை. படகுக்கு முன்பணம் கொடுத்தவர் வழியாகத்தான் விற்க வேண்டிய நிலையில் எத்தனையோ பேர். அது தனிக்கதை.)

மெடிக்கல் கடையில் என்ன நடக்கிறது? மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர். பணம் கொடுப்பவர் நோயாளி. மாத்திரையின் செவுளைத் தூக்கிப் பார்க்க யாராலும் முடியாது. கென்னத் ஆரோ என்ற பொருளாதார மேதை 1963லேயே இதை ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார்: மருத்துவத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரிந்தது சமமாக இல்லை, அதனால் சாதாரணச் சந்தை விதிகள் இங்கே அப்படியே செல்லாது.

அம்மாவின் சீட்டோடு நான் போனேன். டாக்டர் அறைக்குப் பக்கத்திலேயே இருந்த கடையில்தான் அந்த பிராண்டு கிடைத்தது. "இதே மருந்துல விலை கம்மியா வேற கம்பெனி இருக்கா?" என்றேன். "டாக்டர் எழுதினதைத்தான் சார் குடுக்க முடியும்" என்றார் கடைப்பையன். எனக்குக் கோபம் வந்தது. பிறகு தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சட்டப்படி சரி. மருந்து விதிகள் 1945ல் 65ஆவது விதி, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றை மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கிறது, உள்ளே இருப்பது ஒரே மூலப்பொருளாக இருந்தாலும்கூட. டாக்டர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

இங்கேதான் என் பழைய வாதம் முழுசாக உடைந்தது. "அரசு சந்தையில் தலையிடலாமா?" என்பது கேள்வியே இல்லை. அரசு ஏற்கெனவே தலையிட்டுவிட்டது. வாங்குகிறவன் கையைக் கட்டி வைத்ததே அரசின் விதிதான். அதற்குத் தரம் சார்ந்த நல்ல காரணம் இருக்கலாம். கண்ட மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. ஆனால் வாங்குகிறவன் கையைக் கட்டிவிட்டு, விற்கிறவன் கையை மட்டும் அவிழ்த்துவிடுவதற்குச் சுதந்திரச் சந்தை என்று பெயர் வைக்க முடியாது.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயம்

ஒரு பக்கமாகவே பேசினால் 2020ல் செய்த தப்பையே மறுபக்கம் செய்தது போலாகிவிடும். உச்சவிலையை ரொம்பத் தாழ்த்தினால் மருந்தே காணாமல் போகும். இது வெறும் பயம் இல்லை. 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் பதினொரு வடிவங்களுக்கு உச்சவிலையை 50 சதவீதம் ஏற்றினார்கள். பென்சில்பெனிசிலின் ஊசி, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனநல மருத்துவத்தில் பயன்படும் லித்தியம் எல்லாம் அதில் உண்டு. மூலப்பொருள் விலை ஏறி, கட்டுப்படி ஆகவில்லை என்று நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்தக் கேட்டிருந்தன. 2019லும் 2021லும் இதே மாதிரி ஏற்ற வேண்டி வந்தது.

பெனிசிலின் மலிவான, பழைய மருந்து. அது இல்லாவிட்டால் கம்பெனி அடுத்த மருந்துக்குப் போகும். நோயாளி எங்கே போவார்? ஆக, சராசரிச் சூத்திரம் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறது. போட்டி பிராண்டுகள் விலையைத் தூக்கி வைத்திருக்கிற இடத்தில் உச்சவிலை தாராளமாக இருக்கிறது. எல்லாரும் மலிவாக விற்கிற இடத்தில் மூச்சு முட்டுகிறது. காரணம் ஒன்றுதான். அந்தச் சூத்திரத்துக்குச் செலவு என்பதே தெரியாது.

வாங்குகிறவனாக நிற்கும் அரசு

வேடிக்கை என்னவென்றால், மருந்து விஷயத்தில் ஆய்வறிக்கை கடைசியில் சொல்கிற யோசனை எனக்கு முழுக்கச் சம்மதம். அரசே பெரிய வாடிக்கையாளர். கொள்முதலை ஒன்றாகச் சேர்த்துப் பேரம் பேசினால் விலை இறங்கும் என்கிறது. இதைப் படித்த தமிழ்நாட்டுக்காரன் சிரிக்கத்தான் வேண்டும். இதை நாம் 1995ல் இருந்து செய்துகொண்டிருக்கிறோம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் கம்பெனியாகப் பதிவானது. வேலை செய்கிற விதம் எளிமை. மருந்தை மூலப்பெயரில் மட்டும் கேட்பார்கள். டெண்டரில் இரண்டு உறை: முதலாவதில் தொழிற்சாலை, தரம், தகுதி; அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். வந்த மருந்து மாவட்டக் கிடங்குக்குப் போகும். மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, தேறின பிறகுதான் மருத்துவமனைக்கு வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் கழகம் அமைத்தன.

கவனியுங்கள், இது கடற்கரை ஏலம்தான், திருப்பிப் போட்டது. பணம் கொடுப்பவரே தேர்ந்தெடுக்கிறார். பரிசோதனைக் கூடம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் விலகலாம். நோயாளி தனியாக நின்றபோது இல்லாத மூன்று பலமும் இங்கே வந்துவிடுகிறது. சந்தையை ஒழிக்கவில்லை, சந்தையே இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது மாத்திரை வருவது இந்த வழியில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தோம். தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். கூட்டு மாத்திரை இல்லை, தனித்தனி மாத்திரைகள். முதலில் அம்மா நம்பவில்லை. "சும்மா குடுக்குறது வேலை செய்யுமா?" அவள் நம்பியது, மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகுதான். புண் ஆறியது. காசில்லாத மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட அவளுக்குக் காரணம் இல்லை.

ஆனால் சங்கை மறக்கக்கூடாது

வாங்குகிற அரசைப் பற்றி எங்கள் கடற்கரைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை எப்போது திறப்பது என்று முடிவு செய்ததே ஆட்சியாளர்கள்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். சங்குக்குளிப்பு இன்னும் கெடுபிடி. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம், சங்கு அரசின் ஏகபோகம். மூச்சைப் பிடித்து எடுத்த சங்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. அளவு பார்த்து, அரசு வைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரே வாங்குபவன் இருந்தால் குளிக்கிறவன் கதி என்ன என்பது எங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும்.

மருந்திலும் அதே ஆபத்து இருக்கிறது. விலையை அளவுக்கு மீறி அழுத்தினாலோ, சப்ளை செய்தவருக்குப் பணம் தாமதமானாலோ, நல்ல தயாரிப்பாளர் அடுத்த டெண்டருக்கு வரமாட்டார். மிஞ்சுபவர் தரத்தில் கை வைப்பார். அதனால் கொள்முதல் கழகத்தைக் கண்காணிப்பதும் விலையைப் போலவே முக்கியம்.

இன்னொன்று. கழகத்தின் கை அரசு மருத்துவமனையோடு முடிந்துவிடுகிறது. தனியார் டாக்டர் சீட்டோடு கடைக்குப் போகிறவருக்கு உச்சவிலை ஒன்றுதான் வேலி. அந்த வேலியைப் பிடுங்கு என்கிறது ஆய்வறிக்கையின் தர்க்கம். வேலியைச் சரியான இடத்தில் நடு என்பது என் பதில். என்னைக் கேட்டால் அதற்குக் கையிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. கழகத்தின் டெண்டரில், தரச் சோதனையில் தேறிய நிறுவனங்கள் தாங்களாகக் கேட்ட விலை, அந்த மருந்தின் செலவு எவ்வளவு இருக்கும் என்பதற்கு நல்ல சாட்சி. கடைக்குக் கொண்டுபோகும் செலவு, கடைக்காரர் பங்கு எல்லாம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அதற்கும் உச்சவிலைக்கும் நடுவில் எத்தனை மடங்கு என்று பார்த்தால், எந்த மருந்தில் வேலியை இறக்க வேண்டும், பெனிசிலின் மாதிரி எதில் ஏற்ற வேண்டும் என்று இரண்டுமே தெரிந்துவிடும்.

போன வாரம் அந்தப் பழைய வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். 500 பெருக்கல் 71 கணக்கையும் போட்டேன். அன்றைக்கு என்னிடம் தோற்றுப்போன நண்பன் ஒரே வரியில் பதில் போட்டான்: "இந்தப் பெருக்கலை அன்னைக்கே போட்டிருக்கலாமே மக்கா."

போட்டிருக்கலாம்.